எல்லாருக்கும் ஒரே பக்கமா?

பந்தியில் நூறு பேர் உட்கார்ந்த பிறகு, ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே அரிசி களைந்து உலை வைக்கும் சமையற்காரரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கல்யாண வீட்டில் பார்க்க முடியாது. ஆனால் இணையத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்!

2003-ம் ஆண்டில் வெளிவந்த 'வேர்ட்பிரஸ்'ஸையே எடுத்துக் கொள்ளுங்கள். அதில் அமைத்த தளத்துக்கு ஒருவர் வந்து ஒரு பக்கத்தைக் கேட்கிறார். உடனே சர்வரில் இருக்கும் பி.எச்.பி. புரோகிராம் தகவல் களஞ்சியத்துக்கு ஓடுகிறது. தலைப்பு, கட்டுரை, படம் எங்கே என்று தேடுகிறது. எல்லாவற்றையும் கோத்துப் பக்கமாக்கிக் கொடுக்கிறது. அடுத்தவரும் அதே பக்கத்தைக் கேட்டால்? மறுபடி முதலிலிருந்து ஓட்டந்தான்! பத்துப் பேருக்குத் தாங்கும். பத்தாயிரம் பேர் ஒரேயடியாக வந்தால் சர்வர் படுத்துவிடும்.

இதற்குப் பரிகாரம் சுலபமானது. ஒரு தடவை செய்த பக்கத்தை எச்.டி.எம்.எல். கோப்பாக எடுத்து வைத்து, கேட்பவருக்கெல்லாம் அதையே நீட்டுவது. இதன் பெயர் 'கேஷ்'. 'டபிள்யூ.பி. சூப்பர் கேஷ்' என்ற இலவச ப்ளக்-இன்னைச் சேர்த்து, 'கேஷிங் ஆன்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பக்கத்திலேயே 'டெஸ்ட் கேஷ்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முகப்புப் பக்கத்தை இரண்டு தடவை வாங்கி, இரண்டும் ஒரே பிரதிதானா என்று பார்த்துச் சொல்லிவிடும்.

அவ்வளவுதானா? இல்லை. இனிமேல்தான் ஜாக்கிரதை வேண்டும்!

2015 டிசம்பர் 25-ந் தேதி, 'ஸ்டீம்' என்ற கணினி விளையாட்டு அங்காடியைத் தாக்குதல்காரர்கள் போலி வருகையால் திணற அடித்தார்கள். சமாளிப்பதற்காகப் போட்ட கேஷ் ஏற்பாட்டில் ஒரு பிசகு. ஒருவருக்காகச் செய்த கணக்குப் பக்கம் இன்னொருவர் திரையில் போய் நின்றது! சுமார் 34,000 பேருடைய விவரங்கள் இப்படி அம்பலமாகியிருக்கக் கூடும் என்று நிறுவனமே அறிவித்தது. சிலருடைய பக்கத்தில் விலாசம், சிலருடையதில் வாங்கிய சாமான்களின் பட்டியல். கார்டின் முழு எண் வெளியாகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆகவே, ஊருக்குப் பொதுவான பக்கத்தை மட்டும் சேமித்து வையுங்கள். கடைக்கூடை, கணக்கு, பணம் கட்டும் பக்கம் ஆகியவற்றை விலக்கி விடுங்கள். கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவர்களுக்குக் கேஷ் வேண்டாம் என்ற விதியையும் போடுங்கள். கட்டுரையைத் திருத்தினால் பழைய பிரதி அழிய வேண்டும் என்பதையும் குறித்து விடுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய விலையை இன்றும் காட்டிக் கொண்டிருக்கும்!

கடைசியாக ஒரு சோதனை. ஒரு பிரௌசரில் உங்கள் கணக்கைத் திறந்து நாலைந்து பக்கங்களைப் பாருங்கள். பிறகு வேறொரு பிரௌசரில், கணக்கைத் திறக்காமல், அதே பக்கங்களைப் பாருங்கள். அங்கே உங்கள் பெயர் தலைகாட்டினால், கேஷை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். வேகத்தை நாளைக்குத் தேடிக் கொள்ளலாம். வெளியே போன ரகசியத்தைத் திரும்ப அழைக்க முடியாது, நேயர்களே!