தரையில் உட்காரத் தெரியுமா?

ஏப்ரல், மே வந்துவிட்டால் வரி விளம்பரங்களிலும் தெருமுனை நோட்டீஸ்களிலும் ஒரே வாசகம்தான். "மழலையர் பள்ளிக்கு ஆசிரியை தேவை. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும்." குழந்தைகளோடு பழகத் தெரிய வேண்டும் என்று போட்ட விளம்பரம் ஒன்று கூட என் கண்ணில் பட்டதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண். எம்.ஏ. தமிழ் படித்தவள், மாண்டிசோரி டிப்ளமாவும் முடித்தவள். இந்த வருஷம் மூன்று இடங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். ஓரிடத்தில் ஆங்கில நாளிதழை நீட்டி வாசிக்கச் சொன்னார்களாம். இன்னொரு இடத்தில், "உங்களால் பத்து அட்மிஷன் பிடித்துத் தர முடியுமா?" என்று கேட்டார்களாம். மூன்றாவது இடத்தில் பலம் என்ன, பலவீனம் என்ன என்ற வழக்கமான கேள்விகள். "மூணு இடத்திலேயும் ஒரு குழந்தையைக் கூடக் கண்ணுல காட்டல பெரியப்பா" என்றாள். சமையல்காரரை வேலைக்கு வைப்பவர் கூட ஒரு குழம்பு வைக்கச் சொல்லிப் பார்ப்பார்!

என் உத்தியோக காலம் முழுக்க விண்ணப்பங்களோடும் மதிப்பெண் பட்டியல்களோடும் கழிந்தது. அதில் கண்ட உண்மை ஒன்று உண்டு. படிவத்தில் எதற்குக் கட்டம் இருக்கிறதோ, அதற்குத்தான் மார்க் விழும். தோற்றத்துக்கு ஒரு கட்டம், ஆங்கிலத்துக்கு ஒரு கட்டம் என்று அச்சடித்துவிட்டு, "நல்ல டீச்சர் கிடைக்கவில்லையே" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. கட்டத்தை மாற்றுங்கள் என்பதுதான் என் கட்சி.

வந்த பெண்ணை அரை மணி நேரம் குழந்தைகளோடு விட்டுப் பாருங்கள். கூடவே பொறுப்பான ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கட்டும். அந்தப் பெண் நாற்காலியைத் தேடுகிறாளா, தரையில் உட்காருகிறாளா? அம்மா போன திசையைப் பார்த்து அழும் பிள்ளையை அதட்டுகிறாளா, பக்கத்தில் போகிறாளா? நிஜாரை நனைத்துக்கொண்ட பிள்ளையை மற்றவர்கள் சிரிக்காதபடி அழைத்துப் போகிறாளா? புத்தகம் இல்லாமல் ஒரு கதை சொல்ல வருகிறதா? அரை மணி முடிவதற்குள் நாலு பேரின் பெயராவது மனதில் நின்றதா? இதற்கெல்லாம் மார்க் போடுங்கள்.

பள்ளி நடத்தும் நண்பர் ஒருவர், "பெற்றோர்கள் ஆங்கிலம்தானே கேட்கிறார்கள், நான் என்ன செய்ய?" என்கிறார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எனக்கு முதல் பிரெஞ்சு எழுத்தைச் சொல்லித்தந்த மத்மொசெல், வகுப்பில் அழுகிறவனிடம் தமிழில்தான் பேசுவார். பயம் தெளிந்த பிறகு பிரெஞ்சு தானாக வந்தது. வேற்று மொழி சொல்லித்தருகிறவருக்கும் முதலில் பிள்ளையின் மொழி தெரிய வேண்டும்.

பிரான்சில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கு 'எக்கோல் மத்தெர்னெல்', அதாவது தாய்மைப் பள்ளி என்று பெயர். முன்பு அதை அடைக்கல அறை என்ற பொருளில் 'சால் தஸீல்' என்றார்கள். 1881-இல் பெயரை மாற்றினார்கள். இன்று அங்கே மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிறவரும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிறவரும் எழுதுவது ஒரே போட்டித் தேர்வு. பதவிப் பெயர் ஒன்று, சம்பள விகிதமும் ஒன்று.

நம் ஊரிலோ பிள்ளையின் வயது குறையக் குறைய டீச்சரின் சம்பளமும் குறைகிறது. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டாகியும் அந்தப் பணியாளர் வாங்குவதற்குப் பெயர் சம்பளமல்ல, மதிப்பூதியம். 2018-இல் மத்திய அரசு அதை மாதம் 4,500 ரூபாய் ஆக்கியது. அதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆக வேண்டியிருந்தது.

வேலை தேடும் பெண்களுக்கும் சில வார்த்தைகள். தனியார் பள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய கம்பெனிகளில் விசாரியுங்கள். அங்கன்வாடிக்கு உள்ளூர்ப் பெண்களைத்தான் எடுப்பார்கள் என்பதால் இருப்பிடச் சான்றிதழைத் தயாராக வையுங்கள்.

நேர்முகத் தேர்வில் நீங்களும் கேள்வி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? உதவிக்கு ஆயா உண்டா? மே மாதச் சம்பளம் உண்டா? நியமன உத்தரவு எழுத்தில் தருவீர்களா? அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டு, கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் வைத்துக்கொள்ள நகல் போதும். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லுகிற இடத்தை நீங்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.