கட்சிப் புண்ணுக்கு நாடா மருந்து?

வினாத்தாள் வகுப்பவன் விடை அறிந்தவனாக இருத்தல் வேண்டும். பள்ளியில் நாம் கைக்கொள்ளும் எளிய நெறி இது. விடை இன்னதென்று தானே அறியாத வினாவை மாணவன் முன் நீட்டி, "இன்றே எழுது, எழுதியதை மாற்றவும் இயலாது" என்று கூறும் ஆசிரியனை எந்த ஊர் ஏற்கும்? எந்தத் தாய் தன் பிள்ளையை அவனிடம் அனுப்புவாள்?

ஆயினும், 2016 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள், பாராளுமன்ற முறைக்கே தாயகம் என்று போற்றப்படும் பிரிட்டனிலே, அத்தகையதொரு வினாத்தாள்தான் வாக்காளர் கையில் தரப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா? வினா அவ்வளவே! வெளியேறி எங்கே போவது? பொதுச் சந்தையில் இருப்பதா, சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, இரண்டையும் உதறுவதா? அயர்லாந்துத் தீவை இரண்டாக வகுக்கும் எல்லை என்னாகும்? இவற்றுக்கெல்லாம் அந்தத் தாளில் இடமில்லை. வினாவை வகுத்தோரிடத்தும் விடையில்லை.

பின் ஏன் கேட்டனர்? நாட்டின் நலம் நாடியா? இல்லை, தோழர்களே! கட்சியின் காயத்துக்குக் கட்டுப் போட நாட்டைக் கிழித்துத் துணி எடுத்தனர் என்கிறோம் நாம். வெறும் பழிச்சொல் என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. வரலாற்றைப் புரட்டுவோம்.

1973 ஜனவரி முதல் நாள், கன்சர்வேடிவ் கட்சியின் எட்வர்டு ஹீத் பிரிட்டனை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்த்தார். அன்று அந்தப் பிரச்சினையால் பிளவுண்டு கிடந்தது தொழிற்கட்சி. தலைமை அமைச்சர் ஹரால்டு வில்சன் என் செய்தார்? 1975 ஜூன் 5 இல் மக்களையே வாக்களிக்க அழைத்தார். அமைச்சர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பேசவும் இசைவு தந்தார். நூற்றுக்கு 67 பேர் நீடிப்போம் என்றனர். வில்சன் மூச்சு விட்டார். பூசல் தீர்ந்ததா? 1981 இல் தொழிற்கட்சி உடைந்தது. 1983 ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையிலே, அதே கட்சி, வெளியேறுவோம் என்று எழுதிற்று! மக்கள் தந்த தீர்ப்பு எட்டே ஆண்டில் பழைய காகிதமாயிற்று.

பிறகு அந்த நோய் எதிர்வீட்டுக்குத் தொற்றியது. 1975 இல் நீடிப்போம் என்று பிரசாரம் செய்த மார்கரெட் தாட்சர், 1988 இல் பெல்ஜியத்தின் பிரூஜ் நகரில் ஐரோப்பியப் பேரரசு போன்றதோர் அமைப்பை எதிர்த்து முழங்கினார். 1990 நவம்பரில், ஐரோப்பா பற்றிய பூசலால் அவருடைய துணைவர் ஜெஃப்ரி ஹவ் பதவி விலக, அந்த மாதமே தாட்சரின் அரியணையும் சரிந்தது. அடுத்து வந்த ஜான் மேஜரை, மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின்போது அவர் கட்சியினரே அலைக்கழித்தனர். வெளியிலோ 1993 இல் யூகிப் கட்சி பிறந்து, ஒன்றியத்தை விட்டு விலகுவதொன்றே கொள்கையென்று வளர்ந்து வந்தது.

உள்ளே கலகம், வெளியே போட்டி. டேவிட் கேமரன் கண்ட வழி, வில்சன் நடந்த அதே வழி. 2013 ஜனவரி 23 இல், அடுத்த தேர்தலில் வென்றால் பொதுவாக்கெடுப்பு நடத்துவோம் என்று வாக்களித்தார். நாடு நீடிக்க வேண்டுமென்பதே அவர் விருப்பம். அவரே வெளியேறும் கதவைத் திறந்து வைத்தார்! வாக்குறுதி தந்தும் யூகிப் அடங்கவில்லை. 2014 ஐரோப்பியத் தேர்தலில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 2015 இல் கேமரன் பெரும்பான்மை பெற்றார். தாமே எழுதிய கடன்பத்திரம் அவர் முன் வந்து நின்றது.

பிரசாரத்தின் தரத்தையும் பாருங்கள். வெளியேறுவதற்கொரு கட்டுரை, நீடிப்பதற்கொரு கட்டுரை என இரண்டையும் எழுதிப் பார்த்து, பிறகு வெளியேறும் அணிக்குத் தளபதியானார் போரிஸ் ஜான்சன். வாரந்தோறும் 35 கோடி பவுன் ஒன்றியத்துக்குப் போகிறது, அதனை மருத்துவத் துறைக்குத் தருவோம் என்று எழுதிய சிவப்புப் பேருந்து ஊர் ஊராக ஓடிற்று. அந்தக் கணக்கு மக்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்வது என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையமே கண்டித்தது, பேருந்து நிற்கவில்லை. மறுபக்கத்தாரும் மாசற்றவரல்லர். வெளியேறினால் உடனே வரியுயர்வும் செலவுவெட்டும் கொண்ட அவசர நிதிநிலை அறிக்கை வரும் என்று மிரட்டினார் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன். அந்த அறிக்கை வரவேயில்லை. ஒரு பக்கம் ஆசை காட்டினர். மறுபக்கம் அச்சம் காட்டினர். அறிவூட்டியவர் எவர்?

வெளியேறுக என்றோர் 1,74,10,742 பேர். நீடிக்க என்றோர் 1,61,41,241 பேர். இங்கிலாந்தும் வேல்சும் ஒருபுறம். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் மறுபுறம்.

வெளியேறுக என்றோரை அறிவிலிகள் என ஏளனம் செய்வோர் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். 1988 இல் கடைசிக் கப்பல் கட்டுந்துறையும் மூடப்பட்ட சண்டர்லாந்தையும், மீன்பிடித் தொழில் நலிந்த கிரிம்ஸ்பியையும் எண்ணிப் பாருங்கள். இலண்டனில் செல்வம் குவிய, தம் தெருவில் கடைகள் சாத்தக் கண்ட மக்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கில் எவரும் அவர்களிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்ட ஒரே நாளில் தம் சினத்தையெல்லாம் சீட்டில் எழுதினர். குற்றம் எழுதிய கையினதா? அந்தச் சினத்தைத் தன் உட்பகைக்கு விறகாக்கிய கட்சியினதன்றோ!

"மக்கள் கேட்டனர், கட்சி தந்தது, இதில் பிழை என்ன?" என்பர் சிலர். பிழை இதுதான்: உண்மையாகவே மக்களின் தீர்ப்பை நாடியிருந்தால், தீர்ப்பை நிறைவேற்றும் திட்டமும் கையில் இருந்திருக்கும். முடிவு வந்த மறுநாள் காலையிலேயே கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். வினா வகுத்தவர் விடைத்தாளைத் திருத்தாமலே வெளியேறினார்!

பின்னர் நடந்தது மக்களாட்சியா, கூத்தா? நீடிக்க வேண்டுமென்ற தெரசா மே, வெளியேற்றத்தை நடத்தும் பொறுப்பேற்றார். 2017 மார்ச் 29 இல் விலகல் அறிவிப்பைத் தந்துவிட்டு, கட்சிக்கு வலுத்தேட அவ்வாண்டே தேர்தல் நடத்தி, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். வட அயர்லாந்தின் டெமாக்ரடிக் யூனியனிஸ்ட் கட்சியின் 10 உறுப்பினர் ஆதரவைப் பெற்றபோது, அப்பகுதிக்கு 100 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. 2019 ஜனவரி 15 இல் அவருடைய ஒப்பந்தம் 432க்கு 202 என்று வீழ்ந்தது. மார்ச் 27 இல் எட்டு மாற்று வழிகளைக் காமன்ஸ் சபை வாக்குக்கு விட்டது, எட்டும் தோற்றன! எது வேண்டா என்பதில் பெரும்பான்மை உண்டு. எது வேண்டும் என்பதில் இல்லை. 2016 இல் விடையின்றி விடுத்த வினா, சபைக்குள் புகுந்து சிரித்தது.

அடுத்து வந்த ஜான்சனோ, பாராளுமன்றத்தையே ஐந்து வாரம் பூட்டிவைக்க முனைந்தார். 2019 செப்டம்பர் 24 இல் உச்சநீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமுகமாக அது சட்டத்துக்குப் புறம்பானது என்றனர். எதிர்த்து வாக்களித்த 21 உறுப்பினரைத் தம் அணியினின்றும் விலக்கினார். சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸும் அவர்களுள் ஒருவர். வட அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே சுங்கத் தடையை எந்தக் கன்சர்வேடிவ் அரசும் ஏற்காது என்று 2018 இல் முழங்கியவர், 2019 அக்டோபரில் அதற்கே உடன்பட்டார்!

எதிர்க்கட்சியாவது நெறி நின்றதா? 1975 இல் வெளியேற வாக்களித்த ஜெரமி கார்பின், 2016 இல் நீடிக்கக் கோரினார். 2017 இல் விலகல் அறிவிப்புக்குத் தம் கட்சியை வாக்களிக்கச் செய்தார். 2019 இல் மறுவாக்கெடுப்பு வேண்டுமென்றார். அதில் தாம் எப்பக்கமும் சாரேன் என்றார். மதில்மேல் பூனையாக நின்ற தொழிற்கட்சிக்கு 202 இடங்களே கிட்டின. 1935க்குப் பின் அத்துணைக் குறைவு இல்லை.

2020 ஜனவரி 31 இல் பிரிட்டன் வெளியேறியது. நோய் தீர்ந்ததா? நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் நூற்றுக்கு 4 குறையும் என அரசின் நிதிப் பொறுப்பு அலுவலகமே மதிப்பிட்டது. குடியேற்றம் குறையும் என்றனர். 2023 இல் நிகரக் குடியேற்றம் ஓராண்டுக்கு 9 இலட்சத்தைத் தாண்டிற்று. கட்சியைக் காக்கத்தானே இத்தனையும்? 2016 முதல் 2022 வரை ஐந்து தலைமை அமைச்சர்களைப் பார்த்த அந்தக் கட்சி, 2024 ஜூலை 4 இல் 121 இடங்களுக்குச் சுருங்கிற்று. அதன் வரலாற்றிலேயே இல்லாத வீழ்ச்சி. யூகிப்பின் தலைவராயிருந்த நைஜல் ஃபராஜை வெளியே நிறுத்தத்தானே வினா எழுந்தது? அவர் புதிய கட்சியோடு, 41 இலட்சம் வாக்கோடு, அந்தத் தேர்தலில் சபைக்குள்ளேயே நுழைந்தார்!

அவ்வாறாயின் பொதுவாக்கெடுப்பே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. அதே அரசின் ஆட்சிப் பகுதியிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1998 ஏப்ரல் 10 இல், முப்பது ஆண்டுக் குருதிப் பெருக்கை நிறுத்த, வட அயர்லாந்தில் ஓர் உடன்பாடு எழுதி முடிக்கப்பட்டது. அதன் முழு வாசகமும் வீடுதோறும் அனுப்பப்பட்டது. படித்தனர், வாதிட்டனர், உறவை இழந்தோரும் எண்ணிப் பார்த்தனர். மே 22 இல் நூற்றுக்கு 71 பேர் ஆம் என்றனர். ஆம் என்றால் என்ன, அன்று என்றால் என்ன என்பது அவர்கள் கையிலே எழுத்தாக இருந்தது.

அங்கே மக்களிடம் முழுப் பாடநூலைத் தந்து கேட்டனர். 2016 இலோ வெற்றுத்தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டனர். முன்னது மக்களை நீதிபதியாக்கிற்று. பின்னது மக்களைப் பிணைக் கைதியாக்கிற்று.

வாக்குச்சீட்டு, கட்சிகள் தம் கறை துடைக்கும் கந்தையன்று. உழைத்துக் களைத்த மனிதன் தன் ஒரு நாளை விட்டு, வரிசையில் நின்று இடும் கட்டளை அது. அதனைக் கேட்க வருவோரிடம் நாம் முதலில் கேட்க வேண்டுவது ஒன்றே: "ஐயா, உமது விடை எங்கே? எழுதிக் கொண்டு வாரும். பிறகு வினாவை நீட்டும்!"