செலவு கொஞ்சம், காட்சி கொள்ளை!

"விடுமுறைக்கு எங்கேயாவது அழைத்துப் போங்களேன்!" என்று வீட்டில் கோரிக்கை கிளம்பிவிட்டதா? ஊட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடும் சென்னைவாசிகளே, ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கற்பட்டு பக்கத்திலேயே இருக்கிறதே!

மின்சார ரயிலில் செங்கற்பட்டு. அங்கிருந்து பஸ்ஸில் வேடந்தாங்கல். கையில் புளியோதரையும் தயிர் சாதமும் இருந்தால் ஹோட்டல் செலவும் மிச்சம். அன்று இரவே வீடு திரும்பிவிடலாம்.

மார்கழி, தை மாதங்களில் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் குஞ்சும் குளுவானுமாகக் குடித்தனம் நடத்தும். இரை தேடப் போன பறவைகள் மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். குழந்தைகள் கோபுரத்தில் ஏறிப் பார்க்கட்டும். புதுத் தம்பதிகள் கரையோரம் நடக்கட்டும். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் பறவைகள் குறைந்துவிடும். ஏரி நிரம்பியதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

இந்தக் காட்சி நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புப் பத்திரம் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவ்வூரில் தீபாவளிக்குக் கூட வெடிச் சத்தம் கேட்காது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் ஒரு மாலைப்பொழுது கூச்சல் போடாமல், கைபேசியில் பாட்டு வைக்காமல் இருக்கக்கூடாதா?