மின்சாரத்தை அறிந்து பழகுவோம்



சென்ற மழைக் காலத்தில், சங்கரன்கோவிலில் விசைத்தறி நெய்யும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தாயார் எம்மைக் கண்டதும் ஈரக் கையோடு விரைந்து வந்து, மின்விசிறியின் சுவிட்சைப் போட்டார். “கையைத் துடைத்துவிட்டுப் போடலாகாதா, அம்மா?” என்றோம். “தினமும் இப்படித்தான் சாமி போடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை” என்றார். சுவிட்சு பழுதுபடாத வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான். பழுதுபட்டால்?

இதை அறிய மூன்று சொற்கள் போதும். 1944ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தந்துவரும் நமது பாபநாசத்தை எண்ணிப் பாருங்கள். மேலிருந்து குழாய்வழி இறங்கும் நீருக்கு உயரத்தினால் அழுத்தம் உண்டாகிறது. அதுபோல் மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தமே வோல்ட்டு. ஒரு நொடியில் கம்பியைக் கடந்து ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். குறுகிய குழாய் நீரை மறிப்பதுபோல், ஓட்டத்தை மறிப்பது மின்தடை. அதன் அளவு ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1827இல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதி இதுவே.

நீருக்கும் மின்சாரத்திற்கும் ஒரு வேற்றுமை உண்டு. உடைந்த குழாயினின்று நீர் கொட்டும். அறுந்த கம்பியினின்று மின்சாரம் கொட்டுவதில்லை. திரும்பிச் செல்ல வழியிருந்தால்தான் அது ஓடும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர், மின்கசிவுள்ள பொருளைத் தொட்டதும் அவரே அந்த வழியாகிவிடுகிறார்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. நன்கு உலர்ந்த தோலின் தடை ஏறத்தாழ 1,00,000 ஓம் வரை இருக்கக்கூடும். அப்போது உடலில் பாய்வது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் இரண்டு பங்கே. தோல் நனைந்தால் தடை 1,000 ஓம் அளவிற்கும் இறங்கிவிடும். அதே 230 வோல்ட்டு அப்போது 0.23 ஆம்பியரைச் செலுத்தும். இதயத் துடிப்பைக் குலைக்கப் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரே போதும்!

“பியூஸ் இருக்கிறதே, அது காக்காதா?” என்பார் பலர். ஐந்து ஆம்பியர் பியூஸ் கம்பி, கால் ஆம்பியருக்கு உருகுமோ? அது கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமல் காப்பது; ஆளைக் காப்பதன்று. ஆளைக் காக்க ஒழுங்கான எர்த் இணைப்பு வேண்டும். அத்துடன், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். பியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றிவைக்கும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள்.

பின்னொரு நாள் அவ்வீட்டிற்குச் சென்றோம். சுவிட்சுப் பலகைக்குச் சற்றுத் தள்ளி, ஓர் ஆணியில் உலர்ந்த துண்டு ஒன்று தொங்கக் கண்டு மகிழ்ந்தோம். உங்கள் இல்லத்திலும் இன்றே ஒன்று தொங்கட்டும்.