உப்பு இல்லை என்று சொல்ல என்ன கூச்சம்?

மண்ணடியிலோ மயிலாப்பூரிலோ ஒரு சாதாரண ஓட்டல். சாம்பாரில் உப்பு இல்லை. சாப்பிட வந்தவர் சும்மா இருப்பாரா? "என்னப்பா இது, வெந்நீர் மாதிரி இருக்கே!" என்று ஒரு சத்தம் போடுவார். சர்வர் ஓடி வருவார். வேறு சாம்பார் வரும். கல்லாவில் இருப்பவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி ஓர் அதட்டல் போடுவார். அதோடு விஷயம் முடிந்தது.

அதே மனிதர் சம்பளம் வாங்கிய வாரத்தில் மனைவி, மக்களோடு நகரின் நடுவில் இருக்கும் இத்தாலிய ரெஸ்டாரெண்டுக்குப் போகிறார். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கம்பெனிக் கடை. வாசலிலேயே அரை மணி நேரம் காத்திருக்கிறார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு இன்னொரு அரை மணி. கடைசியில் பாஸ்தா வருகிறது. குழைந்து கூழாகிக் கிடக்கிறது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பீட்சாவின் ஓரம் வறட்டி. நடுவில் வேகாத மாவு.

மனிதர் வாய் திறப்பாரா? மாட்டார்! "இத்தாலிக்காரன் சாப்பாடே இப்படித்தான் போலிருக்கு" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். ஆயிரக்கணக்கில் பில்லைக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மோர் சாதம் கரைத்துக் குடிப்பார்.

இட்லிக் கடையில் புலி. இத்தாலிக் கடையில் எலி! இது என்ன நியாயம்?

அங்கேயும் பதம் உண்டு

இத்தாலிக்காரன் ஒன்றும் ருசி தெரியாதவன் அல்ல. சோற்றுக்கு நம் வீட்டுப் பெண்கள் பதம் பார்ப்பதுபோல், பாஸ்தாவுக்கு அவன் பதம் பார்க்கிறான். அந்தப் பதத்துக்கு 'அல் தெந்தே' என்று பெயர். 'பல்லுக்கு' என்று அர்த்தம். அதாவது வெந்திருக்க வேண்டும். ஆனால் கடித்தால் பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் வழுக்கி விழுகிற கூழுக்கு இத்தாலியில் மரியாதை கிடையாது.

உப்புக்கும் கணக்கு இருக்கிறது. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு. இது இத்தாலிய வீடுகளில் வழிவழியாகச் சொல்லும் அளவு. வேகும்போதே உப்பு உள்ளே இறங்க வேண்டும். வெந்த பிறகு மேலே தூவினால் ருசி மேலேயே நின்றுவிடும். உப்புப் போடாமல் சோறு வடிக்கலாம், குழம்பு காப்பாற்றிவிடும். உப்புப் போடாமல் பாஸ்தா வேகவைத்தால் எந்தக் குழம்பும் காப்பாற்றாது.

எனவே குழைந்த பாஸ்தாவை, உப்பில்லாத பாஸ்தாவை "அவர்கள் பழக்கம்" என்று யாரும் மன்னிக்க வேண்டாம். அது இத்தாலிய முறை அல்ல. சமையல்கட்டின் அசட்டை!

பானைக்காகப் போன உப்பு

இந்த உப்பு விவகாரம் அமெரிக்காவிலே ஒரு பெரிய கம்பெனியின் தலையையே உருட்டியிருக்கிறது. 'ஆலிவ் கார்டன்' என்பது அங்கே பேர்போன இத்தாலிய ரெஸ்டாரெண்டு. 1982-ல் புளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் தொடங்கியது. 2014-ம் ஆண்டில் 800-க்கும் மேற்பட்ட கிளைகள். நியூயார்க்கின் நட்டநடு இடமான டைம்ஸ் சதுக்கத்திலும் ஒரு கிளை. அதன் தாய்க் கம்பெனி 'டார்டன்'. வியாபாரம் மந்தமாகிக்கொண்டே வந்தது.

அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கியிருந்த 'ஸ்டார்போர்டு வேல்யூ' என்ற முதலீட்டு நிறுவனம் 2014 செப்டம்பரில் ஏறத்தாழ 300 பக்கத்துக்கு ஒரு குற்றப் பத்திரிகையை வெளியிட்டது. அதில் ஒரு குற்றச்சாட்டைப் படித்து அமெரிக்காவே சிரித்தது. பாஸ்தா வேகவைக்கும் தண்ணீரில் உப்புப் போடுவதையே நிர்வாகம் நிறுத்திவிட்டதாம். ஏன்? உப்புப் போட்டால் பாத்திரம் சீக்கிரம் கெடும். போடாவிட்டால் பாத்திரத்துக்குக் கூடுதல் காலம் உத்தரவாதம் கிடைக்கும் என்பதற்காகவாம்!

பானையைக் காப்பாற்றப் பண்டத்தைக் கெடுத்த கதை இது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோட்டு, சூட்டுப் போட்ட நிர்வாகிகளுக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டார்களா? மேஜைக்கு இலவசமாக வைக்கும் ரொட்டிக் குச்சிகளை ஒரேயடியாக அள்ளி வைக்கிறார்கள். அது ஏழு நிமிடத்தில் ஆறி வறண்டுவிடுகிறது என்றும் அந்த அறிக்கை சொன்னது. அடுத்த மாதமே, 2014 அக்டோபரில், பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டார்கள். டார்டன் கம்பெனியின் 12 டைரக்டர்களும் ஒட்டுமொத்தமாக மாற்றப்பட்டார்கள். அதன்பின் வியாபாரம் தலைதூக்கியது.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. காசு கொடுத்துச் சாப்பிட்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். உப்பில்லாததைத் தினமும் தின்றவர்கள் அவர்கள்தான். ஆனால் நாற்காலி ஆடியது, பங்கு வைத்திருந்தவர் பேசிய பிறகுதான். சாப்பிடுகிறவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கூட்டமே எமன்!

நகரின் நடுவில் இருக்கும் கடையில் சாப்பாடு ஏன் கெடுகிறது? "கூட்டம் அலை மோதுது, அப்போ நல்ல கடையாத்தான் இருக்கும்" என்று நினைப்பது வழக்கம். பல நேரங்களில் இது தப்புக் கணக்கு.

தெருமுனை ஓட்டலுக்கு வாடிக்கைக்காரர்தான் மூலதனம். இன்று முகம் சுளித்துப் போனவர் நாளை வரமாட்டார் என்ற பயம் முதலாளிக்கு உண்டு. கடைத்தெரு நடுவிலோ, மால் உள்ளேயோ, ரெயில் நிலையம் பக்கத்திலோ இருக்கும் கம்பெனிக் கடைக்கு அந்தப் பயம் குறைவு. ஒருவர் போனால் வரிசையில் பத்துப் பேர். போனவர் திரும்பி வரவில்லை என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியாது.

இன்னொரு பக்கம் வாடகை. நட்டநடு இடத்துக்கு வாடகை கழுத்தை நெரிக்கும். அதை ஈடுகட்ட மேஜைகள் வேகமாகக் காலியாக வேண்டும். ஆகவே பாஸ்தாவை முன்கூட்டியே அரை வேக்காடாக வேகவைத்து எடுத்து வைப்பார்கள். ஆர்டர் வந்ததும் வெந்நீரில் ஒரு முக்கு. குழம்பு வேறு எங்கோ ஒரு மத்திய சமையல் கூடத்திலிருந்து பாக்கெட்டில் வந்து சூடாகும். இது ஒன்றும் மோசடி அல்ல. ஒழுங்காகச் செய்தால் நல்லபடியாகவே வரும். ஆனால் சனி, ஞாயிறு நெரிசலில் முக்கியது கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் போச்சு. பாஸ்தா கஞ்சியாகிவிடும்.

பெரிய பெயர் இருந்தாலும் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பதற்கு இங்கிலாந்தில் சாட்சி உண்டு. டெலிவிஷன் சமையல்காரர் ஜேமி ஆலிவர் 2008-ல் ஆக்ஸ்போர்டில் 'ஜேமீஸ் இட்டாலியன்' என்று தொடங்கினார். கிளைகள் மளமளவென்று பெருகின. 2019 மே மாதம் அவருடைய குழுமம் திவாலானது. 25 கடைகளில் 22 ஒரே அடியாக மூடப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று. முதலாளி பெயர் பிழைத்தது. தட்டு தூக்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடை கெட்டால் நஷ்டம் சாப்பிடுகிறவருக்கு மட்டும் அல்ல.

சர்வர் மேல் பாயாதீர்கள்

குறை சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. முதல் இரண்டு வாயிலேயே தெரிந்துவிடும். அப்போதே சொல்ல வேண்டும். தட்டைப் பாதி காலி செய்துவிட்டு "நல்லாயில்லே" என்றால் யார் நம்புவார்கள்?

கத்த வேண்டியதில்லை. சர்வரை வைய வேண்டியதும் இல்லை. அவர் பாஸ்தாவை வேகவைக்கவில்லை. கொண்டு வந்து வைத்தவர் மட்டுமே. மானேஜரைக் கூப்பிட்டு, "இது குழைஞ்சிருக்கு, உப்பு இல்லே, வேற கொடுங்க" என்று நிதானமாகச் சொன்னால் போதும். மாற்றிக் கொடுப்பதுதான் மரியாதை தெரிந்த கடை.

அதே நேரத்தில் சாப்பிடுகிறவரும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்தா பல்லில் கடிபட்டால் அது வேகாதது ஆகிவிடாது. காரம் குறைவாக இருந்தால் அது குற்றமும் ஆகாது. நம் நாக்குக்குப் பிடிக்காதது வேறு. சமைத்தவன் கெடுத்தது வேறு. இரண்டையும் குழப்பினால் நியாயமான புகாருக்கும் மதிப்புப் போய்விடும்.

பில்லைப் பார்த்தீர்களா?

சாப்பாடுதான் ஏமாற்றம் என்றால், பில்லிலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி! 5 சதவீதம், 10 சதவீதம் என்று அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். அரை மணி நேரம் காக்க வைத்ததற்கும் சேவைக் கட்டணமா?

இந்த வரி அரசாங்கத்தின் வரி அல்ல. இதைப் பலர் ஜி.எஸ்.டி. என்றே நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந்தேதி தெளிவாக உத்தரவு போட்டது. ஓட்டல்களோ ரெஸ்டாரெண்டுகளோ தாமாகவே சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. கட்ட மறுப்பவரை உள்ளே விடமாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. ஓட்டல்காரர்களின் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ந்தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, கட்டாய வசூல் கூடாது என்று தீர்ப்புக் கூறியது. இதை எதிர்த்து அப்பீலும் போயிருக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். சாப்பாடு 2,000 ரூபாய். 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 200 ரூபாய். அதற்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி. 110 ரூபாய். மொத்தம் 2,310. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 2,100-தான். வித்தியாசம் 210 ரூபாய்! ஒரு குமாஸ்தாவுக்கு 210 ரூபாய் சும்மா வந்த காசா?

நல்ல சர்வருக்கு மனசாரக் கையில் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கொடுப்பதும் நல்லதுதான். இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் பணம் முழுவதும் தொழிலாளிக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது நியாயம். பில்லில் தானாக ஏறுகிற பணம் யார் பைக்குப் போகிறது என்று சாப்பிட்டவருக்கு எப்படித் தெரியும்?

எடுக்க மறுத்தால் என்ன செய்வது? பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை.

ஓட்டல்காரர்கள் யோசிக்கட்டும்

இத்தாலிய ரெஸ்டாரெண்டு வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பரோட்டாவும் ருமாலி ரொட்டியும் வந்ததுபோல் பீட்சாவும் பாஸ்தாவும் வந்தாயிற்று. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பெற்றோர் மாதம் ஒருமுறையாவது கூட்டிப் போகிறார்கள். அந்த ஒருநாள் சந்தோஷத்துக்காக எத்தனை சின்னச் செலவுகளை ஒத்திப்போட்டார்கள் என்று குளிர்சாதன அறையில் இருக்கும் நிர்வாகிக்குத் தெரியுமா?

நெரிசல் நேரத்தில் கொள்ளாத கூட்டத்தை உள்ளே ஏற்றாதீர்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று வாசலிலேயே உண்மையைச் சொல்லுங்கள். கெட்டுப்போன தட்டை முகம் கோணாமல் மாற்றிக் கொடுங்கள். சர்வீஸ் சார்ஜைப் பில்லிலிருந்து நீங்களே எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் பெரிய மூலதனம் தேவையில்லை.

சாப்பிடுகிறவர்களும் கூச்சத்தை விட வேண்டும். மெனு அட்டையில் உள்ள பெயர் வாயில் நுழையாமல் இருக்கலாம். ஆனால் உப்பு இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல இத்தாலிய மொழி தெரிய வேண்டியதில்லை. நாக்கு இருந்தால் போதும்!