பட்டுப் புடவையா, பள்ளிக்கூடச் சம்பளமா?

விற்பனை குறைந்து, கடன் பெருகி, கணக்கப்பிள்ளையின் முகத்தில் கவலைக்குறி தோன்றியவுடனே, மோட்டார் உற்பத்தி செய்யும் கம்பெனிகள் முதலில் கை வைப்பது பந்தயச் செலவில்தான். "கார் ஓட்டி வேடிக்கை காட்டுவதற்கு இதுவா காலம்?" என்று பங்குதாரர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கத் தட்டுப்படும் வேளையில், போட்ட பாதையிலேயே கார்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவதற்குக் கோடிக்கணக்கில் செலவழிப்பதை யார்தான் ஆதரிப்பார்கள்?

ஆயினும், இந்தக் கேள்விக்கு உலகத்துப் பெரிய கம்பெனிகள் சொன்ன பதிலையும், நமது கொங்கு நாட்டிலே கோயமுத்தூர் சொன்ன பதிலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விஷயம் அத்தனை சுலபமன்று என்பது விளங்கும்.

2008-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பெரிய பாங்கிகள் முறிந்தன. உலகமெங்கும் கார் வாங்குவோர் தொகை சடுதியில் குறைந்துவிட்டது. அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில், ஜப்பான் தேசத்து ஹோண்டா கம்பெனி 'பார்முலா ஒன்' பந்தயத்தைவிட்டு விலகிக்கொள்வதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ., நவம்பரில் டொயோட்டா, இரண்டும் அதே வழியில் சென்றன. டொயோட்டாவுக்கு அப்போது ஏற்பட்ட நஷ்டம் எழுபது ஆண்டுகளில் அது காணாத நஷ்டம். மேலும் 2002 முதல் எட்டு வருஷம் ஓடியும் ஒரு பந்தயத்தில்கூட அதற்கு முதலிடம் கிட்டவில்லை. அது விலகியதில் யாரும் குற்றம் காண முடியாது. இருந்தும், செய்தியை அறிவிக்க வந்த பந்தயக் குழுவின் தலைவர் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் கண்ணீர் வடித்தார்.

ஹோண்டாவின் கதை வேறு. இங்கிலாந்தில் பிராக்லி என்னுமிடத்தில் இருந்த அதன் பந்தயத் தொழிற்சாலை, அதை நிர்வகித்து வந்த ராஸ் பிரான் என்பவருக்கு ஒரே ஒரு பவுன் விலைக்குக் கைமாறியது. சில நூறு தொழிலாளிகள் வேலையிழந்தார்கள். மிஞ்சியவர்கள், ஹோண்டாவின் பணத்தில் முன்பே உருவாக்கப்பட்டிருந்த காரில் மெர்ஸிடிஸ் கம்பெனியின் எஞ்சினைப் பொருத்தி, 2009 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றார்கள். முதல் பந்தயத்திலேயே முதலிடமும் இரண்டாமிடமும் அவர்களுக்குக் கிடைத்தன. முதல் ஏழு பந்தயங்களில் ஆறில் ஜென்ஸன் பட்டன் வென்றார். ஓட்டுவோருக்குரிய பட்டம், கார் கட்டுவோருக்குரிய பட்டம் இரண்டுமே அவ்வருஷம் அந்தக் குழுவுக்குத்தான். பிறகு மெர்ஸிடிஸ் அதை விலைக்கு வாங்கியது. 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை கார் கட்டுவோர் பட்டத்தைப் பெற்றதும் அதே பிராக்லி தொழிற்சாலைதான். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்!

இதிலே ஆச்சரியம் என்னவென்றால், கஷ்டகாலத்தில் பந்தயத்தின் அருமையை ஹோண்டா கம்பெனியைவிட நன்றாக அறிந்தவர்கள் எவருமில்லை. 1954-ல் அது சிறிய மோட்டார் சைக்கிள் கம்பெனி. வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த யந்திரங்களைத் தருவித்துவிட்டு, விற்பனை சரிந்து, கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம். அந்தச் சமயத்தில்தான் ஸ்தாபகர் சோய்ச்சிரோ ஹோண்டா, இங்கிலாந்தை அடுத்த 'ஐல் ஆப் மேன்' தீவில் நடக்கும் பிரசித்தமான மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்வோம் என்று தம் தொழிலாளிகளுக்குப் பிரகடனம் செய்தார். அவ்வருஷமே அந்தப் பந்தயத்தை நேரில் போய்ப் பார்த்தார். ஐரோப்பிய வண்டிகளின் சக்தியைக் கண்டு திகைத்தார். ஆனால் மனம் தளரவில்லை. சங்கிலி, கார்புரேட்டர் முதலிய உறுப்புகளை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து, அவற்றைப் பார்த்துக் கற்கச் செய்தார். ஐந்து வருஷம் பொறுத்து, 1959-ல் முதன்முதலாக அங்கே போட்டியிட்டார்கள். 1961-ல் 125, 250 ஸி.ஸி. ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டாவுக்கே கிடைத்தன. பந்தயத்துக்கென்று அன்று கற்ற பாடம், கடையில் விற்ற ஒவ்வொரு வண்டியிலும் பலித்தது.

ஆகவே, செலவு எவ்வளவு என்பதைக் காட்டிலும், அதை எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதே முக்கியம். நமது குடும்பங்களில் கஷ்டம் வந்தால் பட்டுப் புடவை வாங்குவதைத் தள்ளிப் போடுகிறோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தை நிறுத்துவதில்லை. பந்தயத்தை விளம்பரக் கணக்கில் எழுதியவர்களுக்கு அது பட்டுப் புடவை. 1954-ல் ஹோண்டா அதைப் படிப்புக் கணக்கில் எழுதினார்.

இனி நம்மூருக்கு வருவோம். கோயமுத்தூரில் ஆலைத் தொழில் குடும்பத்திலே பிறந்த கரிவர்த்தன் என்பவர், பந்தயத்தில் ஓட்டியதோடு நில்லாமல், காரைக் கட்டவும் முனைந்தார். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது ராஜாக்களுக்கும் கோடீசுவரர்களுக்கும் மாத்திரமே சாத்தியமாயிருந்த காலம் அது. எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் செய்தது என்ன? வீதியில் ஓடும் மாருதி 800 காரின் சிறிய எஞ்சினை எடுத்து, உள்ளூர்ப் பட்டறையில் இரும்புக் குழாய்களை இணைத்துச் செய்த சட்டத்தில் பொருத்தி, ஒருவர் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். எஞ்சின் உள்நாட்டில் கிடைப்பது. உறுப்பு உடைந்தால் அடுத்த தெருவில் கடைந்துகொள்ளலாம். அந்த ரகக் காரில் தம் முதல் பந்தயத்தை ஓடியவர்களில் ஒருவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் 'பார்முலா ஒன்' பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர்.

1995-ல் கரிவர்த்தன் விமான விபத்தில் காலமானார். ஒரு தனி மனிதரின் ஆசையாக மட்டும் அது இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். முடியவில்லை. வண்டிகளுக்குச் சங்கிலி செய்யும் கோயமுத்தூர் எல்.ஜி.பி. கம்பெனி அந்த வேலையைத் தொடர்ந்து நடத்தியது. சோய்ச்சிரோ ஹோண்டா பெட்டியில் வைத்துத் தம் தேசத்துக்குச் சுமந்து சென்ற அதே சங்கிலிச் சாமான்தான்! செட்டிபாளையத்தில் 2003-ல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஒரு பந்தயப் பாதை திறக்கப்பட்டு, கரிவர்த்தன் பெயரைத் தாங்கி நின்றது. 2008-ல் தொடங்கிய மின்வெட்டுக் காலத்திலே நமது வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. உலகப் பெருங்கம்பெனிகள் பந்தயத்தை உதறிய அதே வருஷங்களில், கோயமுத்தூரில் கட்டிய சிறு கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் தேசத்தில் உண்டு. டில்லிக்கு அருகே பிரம்மாண்டமான பாதை அமைத்து, 2011-ல் 'பார்முலா ஒன்' பந்தயத்தை வரவழைத்தார்கள். அது விளையாட்டா, கேளிக்கையா என்று வரி விஷயத்தில் தகராறு மூண்டது. மூன்றே வருஷம் நடந்து, 2013-உடன் அந்தப் பந்தயம் நின்றுபோயிற்று. வாடகைக்கு வந்த வைபவம் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது.

"தொழிலாளியின் கூலிதானே முதலில்?" என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். சந்தேகமில்லாமல் கூலிதான் முதலில். கூலியை நிறுத்திப் பந்தயம் நடத்துவது பாவம். ஆனால் குறைப்பது வேறு, வேரோடு பிடுங்குவது வேறு. கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு இந்தப் பேதத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மந்தம் வந்தால் பத்துத் தறியில் ஆறை நிறுத்தி, நாலை ஓட்டுவார்கள். பாவு வரத்து திரும்பியதும் ஆறும் மறுபடி ஓடும். பொறுக்க முடியாமல் தறியை இரும்பு விலைக்கு எடை போட்டுவிட்டவர்களுக்கோ, நல்ல காலம் திரும்பி வந்தபோது தறியுமில்லை, தறியறிந்த ஆளுமில்லை. பிராக்லி தொழிற்சாலையை ஒரு பவுனுக்குக் கொடுத்ததும் தறியை எடைக்குப் போட்டதற்கு ஒப்புத்தான். ஹோண்டா 2015-ல் எஞ்சின் செய்பவராக மீண்டும் வந்து, சில வருஷங்கள் அவமானமும் பட்டு, பிறகே வெற்றி கண்டது. 2020-ல் மறுபடி விலகுவதாகச் சொல்லி, 2023-ல் மறுபடி வருவதாகவும் அறிவித்தது. போவதும் வருவதுமாகக் கற்றதை மறந்து கற்பதற்கு ஆகும் செலவை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதி வைக்கிறார்?

இப்போது இந்தியாவெங்குமுள்ள எஞ்சினீயரிங் கல்லூரி மாணவர்கள், தங்கள் கையால் கட்டிய சிறு பந்தயக் கார்களைச் செட்டிபாளையத்துக்குக் கொண்டுவந்து போட்டியிடுகிறார்கள். ஓட்டம் மட்டுமல்ல, வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் அங்கே மார்க் உண்டு. வெல்டிங் பொறியில் கை சுட்டுக்கொண்டு, இரவெல்லாம் விழித்து, ஒரு நட்டு கழன்றதால் தோற்று, அடுத்த வருஷம் திரும்பி வரும் அந்த வாலிபர்கள்தாம் நாளைய மோட்டார்த் தொழில். அடுத்த மந்தம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வராமலிராது. அப்போது நமது முதலாளிமார்கள் விளம்பரப் பலகைகளை இறக்கட்டும், விருந்துகளைக் குறைக்கட்டும், வெளிநாட்டுப் பெயர்ப் பெருமையை அறவே விடட்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நாலு டயரையும் ஒரு எஞ்சினையும் மாத்திரம் நிறுத்தாதிருப்பார்களாக.