சொல்லத் தெரியாத பிள்ளை மக்கு இல்லைங்க!

கொஞ்சம் நீளமான இழை. பிள்ளை வச்சிருக்கவங்க பொறுமையா படிங்க.

போன வாரம் ஓபியில ஒரு அம்மா. வல்லத்திராக்கோட்டையில இருந்து பஸ் பிடிச்சு வந்திருந்தாங்க. கூடவே எட்டாவது படிக்கிற பையன்.

"சார், இவன் மக்கு. எதைக் கேட்டாலும் முழிக்கிறான். இந்த வருசத்தோட நிறுத்திட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிரலாம்னு இவங்க அப்பா சொல்றாரு. மூளைக்கு டானிக் இருந்தா எழுதிக் குடுங்க."

பையன் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

"தம்பி, பஸ்ஸை விட்டு இறங்கி உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?"

பதில் இல்லை.

ஓபி சீட்டைத் திருப்பி, பேனாவைக் கையில குடுத்தேன். "சரி, வரைஞ்சு காட்டு."

ரெண்டே நிமிசம். ரோடு, கோயில், கண்மாய், கரையில நிக்கிற பனை, எந்த வீட்டு வாசல்ல மாடு கட்டியிருக்கும்ங்கிறது வரைக்கும் வந்துருச்சு. அதுவும் மேலே இருந்து பார்க்கிற மாதிரி.

இவனா மக்கு?

நம்மில் பலர் தலைக்குள்ள பேசிக்கிட்டே யோசிக்கிறோம். அதனால எல்லார் தலைக்குள்ளயும் அதே பேச்சுதான் ஓடுதுன்னு நினைச்சுக்கிறோம். தப்பு.

1880-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பலரிடம் ஒரு கேள்வி கேட்டார். இன்னைக்குக் காலையில சாப்பிட்ட மேசையை மனசுல கொண்டு வாங்க, என்ன தெரியுது? சிலருக்கு நேர்ல பார்க்கிற மாதிரி பளிச்சுன்னு தெரிஞ்சது. சிலருக்கு ஒண்ணுமே தெரியலை. அப்படி மனசுல படமே வராத நிலைக்கு 2015-ல் ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவர் 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார். அனிமேஷன் படம் எடுக்கிற பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கே மனசுல படம் வராதாம்!

ஆக, படமா யோசிக்கிறதும் நோய் இல்லை, படமே வராம யோசிக்கிறதும் நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ரெண்டும் கலந்துதான் இருக்கும்.

டெம்பிள் கிராண்டின் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர். ஆட்டிசம் உள்ளவர். மூன்றரை வயசு வரைக்கும் பேச்சு வரலை. "எனக்குச் சிந்தனை படமாத்தான் வரும், வார்த்தை அப்புறம்தான்" என்று 1995-ல் புத்தகமே எழுதினார். மாடு ஏன் மிரளுதுன்னு தெரிஞ்சுக்க, மாடு போற பாதையிலேயே இறங்கிப் பார்த்தவர். தொங்குற சங்கிலி, தரையில விழுற நிழல், இதைப் பார்த்துத்தான் மிரளுதுன்னு கண்டுபிடிச்சு, பாதையையே மாத்தி வடிவமைத்தார். வாடிவாசல் பார்த்து வளர்ந்த நம்மூர் ஆளுங்களுக்கு இதோட அருமை புரியும்.

அமெரிக்கா எதுக்கு? உங்க வீட்டு வாசலைப் பாருங்க. புள்ளி வச்சு, ஒரே கம்பியா சுத்தி, தொடங்கின இடத்துலயே வந்து முடிக்கிறாங்களே, எப்படிம்மான்னு கேட்டா "கை தானா போகுது"ன்னுதான் சொல்வாங்க. அந்தக் கோலத்துக்குள்ள இருக்கிற கணக்கை தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1974-ல் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரையாவே எழுதினார்கள். சொல்லத் தெரியலைங்கிறதுக்காக அந்த அம்மாக்களுக்கு மூளை இல்லைன்னு சொல்வீங்களா?

டாக்டர்களையும் சேர்த்துத்தான் திட்டுறேன். குத்துதா, எரியுதா, சுருக்குன்னு இழுக்குதான்னு கேட்போம். வார்த்தை வரலைன்னா எங்களுக்குக் கோபம் வரும். நானும் கோபப்பட்டிருக்கேன். தொட்டுக் காட்டச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இதைப் படிச்சிட்டு அடுத்த பள்ளத்துல விழுந்துடாதீங்க.

"உங்க பிள்ளை வலது மூளை, படத்துல சொன்னாதான் ஏறும்"னு சொல்லி ஆயிரக்கணக்குல பிடுங்கிற கூட்டம் இருக்கு. கைரேகையைப் பார்த்து மூளையைச் சொல்றவங்க, கண்ணைக் கட்டி 'நடுமூளை'யைத் தூண்டுறவங்க, எல்லாமே டுபாக்கூர். பிள்ளைகளை 'பார்த்துப் படிப்பவர்', 'கேட்டுப் படிப்பவர்' என்று பிரிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக் கொடுத்தா நல்லாப் படிப்பாங்க என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லைன்னு 2008-லேயே உளவியல் அறிஞர்கள் அலசிச் சொல்லிட்டாங்க. எல்லாப் பிள்ளைக்கும் படமும் வேணும், சொல்லும் வேணும்.

அதே மாதிரி, ரெண்டு வயசாகியும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைன்னா "படமா யோசிக்கிறான், பேச்சு தானா வரும்"னு காத்திருக்காதீங்க. உடனே காட்டுங்க.

சரி, படிப்புல தடுமாறுற பிள்ளைக்கு என்ன செய்யணும்?

முதல்ல காது, கண் பரிசோதனை. அடுத்து, அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்குன்னு கேளுங்க. பிறப்பு முதல் 18 வயசு வரை அங்கே பார்ப்பாங்க, இலவசம். கற்றல் குறைபாடு இருக்குன்னு தெரிஞ்சா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அதுவும் வருது. பரீட்சையில கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் என்று சலுகை உண்டு. இது பிச்சை இல்லை, உரிமை.

அந்தப் பையனுக்கு எதுவும் இருக்குன்னு நான் சொல்லலை. பரிசோதிக்காம 'மக்கு'ன்னு சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லைங்கிறேன்.

டானிக் எழுதலை. காதுக்கும் கண்ணுக்கும் எழுதி அனுப்பினேன். அவன் வரைஞ்ச சீட்டை அம்மா கையில குடுத்து, "அப்பாகிட்ட காட்டுங்க. அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாங்க, திருப்பூரை அப்புறம் பேசிக்கலாம்"னு சொன்னேன்.

உங்க வீட்டுலயும் முழிக்கிற பிள்ளை இருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் குடுத்துப் பாருங்க.